மணிமுத்தாற்றில் இட்டதும் மாற்றுப் பார்த்ததும்

(விருத்தாசலத்தில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



திருமுதுகுன்றம் என்ற இந்த விருத்தாசலத்தில் மேடை ஏறுகிறவன் சுந்தரரை நினைக்காமல் பேசத் தொடங்குவது எப்படி? நம்மூர்ப் பழமலைநாதரிடம் பன்னிரண்டாயிரம் பொன் பெற்றார் அவர். பெற்ற பொன்னை இந்த மணிமுத்தாற்றில் போட்டார். திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் இறங்கி எடுத்தார். இதுவரை எல்லோருக்கும் தெரிந்த கதை. இதில் இன்னொரு பாதி இருக்கிறது. பலர் அதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். ஆற்றில் போடுவதற்கு முன்னால் அந்தப் பொன்னிலிருந்து ஒரு துணுக்கை வெட்டித் தன்னிடம் வைத்துக்கொண்டார் சுந்தரர். அதற்கு மச்சம் என்று பெயர். குளத்தில் எடுத்த பொன்னை அந்த மச்சத்தோடு வைத்து உரைத்துப் பார்த்தார். மாற்றுக் குறைந்திருந்தது! இறைவனே கொடுத்தது என்று அவர் சும்மா இருக்கவில்லை. மறுபடியும் பாடினார். மாற்று ஏறிய பிறகுதான் வாங்கிக்கொண்டார்.

இன்று நான் பேச வந்த பொருளும் அதுவே. வயலில் நாம் எறிவதை வேறோர் இடத்தில் வேறோர் உருவத்தில் எடுப்பது. எறிவது கரும்பாலைச் சேறு, முந்திரிப்பழம், சாணம், ஆலைக் கழிவுநீர். எடுக்க நினைப்பது சூளைக்கு நெருப்பும், மண்ணில் மக்கும் நெகிழியும். நடுவில் ஆறாக ஓடுபவை கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள். எறிவது சுலபம். எடுப்பதும் இன்றைக்குச் சாத்தியம். மாற்றுப் பார்ப்பதைத்தான் நாம் பழகவில்லை. ஆகவே ஒவ்வொன்றையும் உரைகல்லில் தேய்த்துப் பார்த்துக்கொண்டே போவோம்.

இந்த ஊருக்கு ஏன் இந்தப் பேச்சு?

ஏனென்றால் இது நெருப்பால் பிழைக்கும் ஊர். கார்த்திகைக்கு ஊர் ஊராக எரியும் அகல் விளக்கு, கொலுப்படியில் ஏறும் பொம்மை, மின்கம்பத்தில் உட்காரும் இன்சுலேட்டர், பழைய வீட்டுச் சுவரில் இன்றும் இருக்கும் பீங்கான் ஃபியூஸ் கேரியர்: இவை எல்லாம் நெருப்பு வாயிலிருந்து வெளிவந்தவை. மண்ணுக்கு நமக்குப் பஞ்சமில்லை. கைத்திறனுக்குப் பஞ்சமில்லை. விறகு, எண்ணெய், எரிவாயு, மின்சாரம் என்று எதை எரித்தாலும், அகலின் விலையில் பெரும்பங்கைத் தின்பது நெருப்புத்தான். சூளைக்காரர் யாரையாவது நிறுத்தி "தொழில் எப்படி?" என்று கேளுங்கள். மண் விலையைச் சொல்ல மாட்டார். கேஸ் விலையைத்தான் சொல்லுவார்.

குஜராத்தில் மோர்பி என்ற ஊர் இருக்கிறது. நம்மைவிடப் பல மடங்கு பெரிய பீங்கான் ஊர். நம் வீடுகளில் பதித்திருக்கும் ஓடுகளில் பாதிக்கு மேல் அங்கிருந்து வந்தவையாக இருக்கும். அங்கே நிலக்கரியைப் புகைத்து வாயுவாக்கிச் சூளையை ஓட்டினார்கள். காற்றும் நீரும் கெட்டன. 2019 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அந்த வாயுவாக்கும் கலன்களை மூடச் சொன்னது. ஊர் முழுக்க இயற்கை எரிவாயுவுக்கு மாறியது. அந்த வாயுவின் விலை உலகச் சந்தையோடு ஏறி இறங்க, சூளைகளும் அதோடு சேர்ந்து எரிந்தும் அணைந்தும் கிடந்தன. நெருப்பை வெளியூரில் வாங்கும் ஊருக்கு இதுதான் நிலைமை.

நம் பக்கத்து வீடு நெய்வேலி. பல பத்தாண்டுகளாக அங்கே பூமியைத் தோண்டிப் பழுப்பு நிலக்கரி எடுக்கிறோம். அது என்ன? பல கோடி ஆண்டுகளுக்கு முன் செத்து மண்ணுக்குள் போன காடு. அன்றைக்குச் செத்த காட்டை அவ்வளவு ஆழம் தோண்டி எடுக்கத் தெரிந்த நமக்கு, இந்த ஆண்டு அறுத்த வயலில் கிடப்பதை எடுக்கத் தெரியாதா?

சரி, யார் எடுத்துத் தரப்போகிறார்கள்?

சின்ன வயதில் ஏரிக்கரைப் பக்கம் இரவில் போகாதே, கொள்ளிவாய்ப் பிசாசு வரும் என்று பாட்டி பயமுறுத்துவார். வாயைத் திறந்தால் நெருப்பு வருமாம். சேற்றுக்குள் இலையும் தழையும் காற்றுப் படாமல் அழுகும்போது கிளம்பும் வாயுதான் அந்தக் கதைக்கு மூலம் என்று விளக்கம் சொல்வார்கள். இத்தாலியில் வோல்டா என்பவர் 1776-இல் மஜோரே என்ற ஏரியின் சேற்றைக் கிளறி, மேலே வந்த குமிழிகளைப் பிடித்து எரித்துக் காட்டினார். மின்கலத்தைக் கண்டுபிடித்த அதே வோல்டாதான். அந்த வாயுவைத்தான் இன்று மீத்தேன் என்கிறோம்.

மீத்தேனை உண்டாக்கும் உயிர்களைப் பேச்சு வழக்கில் பாக்டீரியா என்றே சொல்கிறோம். நானும் அப்படியே சொல்லப் போகிறேன். மாணவர்கள் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: அவை பாக்டீரியாவைப் போலத் தோன்றினாலும் தனிக் குலம். கார்ல் வோஸ் என்ற அறிஞர் 1977-இல் பிரித்துக் காட்டினார். ஆர்க்கியா என்று பெயர். மாட்டின் இரைப்பையில் இருப்பவையும் ஏரிச் சேற்றில் இருப்பவையும் இந்தக் குலந்தான்.

இவற்றை வேலைக்கு வைப்பது நமக்குப் புதிதா? இரவில் பாலுக்கு உறை ஊற்றுகிற தாய்மார்கள் பாக்டீரியாவை வேலைக்கு வைத்தவர்கள்தாம். மாவைக் கரைத்து மூடி வைத்தால் காலையில் பாத்திரத்தைத் தள்ளிக்கொண்டு பொங்கி நிற்கிறதே, அந்த வாயுவும் அவற்றின் வேலைதான். தொழிலாளி பழையவர். வேலைதான் புதிது.

எங்கள் வீட்டுக் கதை ஒன்று சொல்ல வேண்டும். என் அப்பா 1980களில் கொல்லையில் ஒரு கோபர் கேஸ் தொட்டி கட்டினார். அந்த இரும்பு டிரம் வடிவத்தை 1950களில் ஜஷ்பாய் பட்டேல் உருவாக்கி, கதர் கிராமத் தொழில் ஆணையம் நாடெங்கும் கொண்டுபோனது. எங்களிடம் ஐந்து மாடுகள். காலையில் அம்மா சாணத்தையும் தண்ணீரையும் சரிக்குச் சரி கரைத்து, வைக்கோல் தும்பை விரலால் பொறுக்கிப் போட்டுவிட்டு, குழாய்வழி ஊற்றுவார். கவிழ்த்து வைத்த பெரிய டிரம் வாயு சேரச் சேர மெல்ல மேலே எழும்பும். பள்ளிக்கூடம் கிளம்பும்போது எவ்வளவு எழும்பியிருக்கிறது என்று பார்ப்பது எனக்கு ஒரு வழக்கம். பாசி படிந்த கோடு எந்த அளவுக்கு வெளியே தெரிகிறதோ, அன்றைக்கு அந்த அளவுக்கு அடுப்பு. அடுப்பில் புகையே இருக்காது. நீல நிறத்தில் சுடர் நிற்கும். அதுவரை அம்மாவின் கண்கள் எப்போதும் சிவந்திருக்கும் என்பதே அவை தெளிந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அக்கா கல்யாணம் வந்தது. மிஞ்சிய சோறு, சாம்பார், பாயசம், எண்ணெய்ப் பிசுக்கு எல்லாவற்றையும் வீணாக்க வேண்டாமே என்று ஒரே நாளில் தொட்டியில் கொட்டிவிட்டோம். மூன்றாம் நாள் டிரம் படுத்துவிட்டது. நாற்றம் தெருமுனை வரைக்கும் போயிற்று. வந்த கொஞ்சம் வாயுவும் பற்றவில்லை. "தொட்டி புளிச்சுப் போச்சு" என்றார் அத்தை. எவ்வளவு சரியான சொல்! உள்ளே இரண்டு கூட்டம் வேலை செய்கிறது. ஒரு கூட்டம் சோற்றையும் சக்கையையும் தின்று புளிப்பாக, அதாவது அமிலமாக, மாற்றுகிறது. இன்னொரு கூட்டம் அந்த அமிலத்தைத் தின்று மீத்தேனாக்குகிறது. முதல் கூட்டத்துக்கு வேகம் அதிகம். இரண்டாவது கூட்டம் நிதானமானது, பலவீனமானது. ஒரே நாளில் விருந்து வைத்தால் முதல் கூட்டம் வெறிபிடித்த மாதிரி அமிலத்தைக் கொட்டித் தள்ளும். அதில் இரண்டாம் கூட்டம் செத்துப்போகும். அம்மா என்ன செய்தார்? பத்து நாள் தீனியை நிறுத்தினார். பக்கத்துத் தெருவில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு தொட்டியிலிருந்து நாலு குடம் கரைசல் வாங்கிவந்து ஊற்றினார். தயிருக்கு உறை ஊற்றுகிற மாதிரி! ஆறு வாரத்தில் டிரம் எழுந்தது.

பத்து வருடம் ஓடியது அந்தத் தொட்டி. பிறகு மாடுகளை விற்றோம். டிரம் துருப்பிடித்து ஓட்டை விழுந்தது. சிலிண்டர் வந்தது. இந்த மாவட்டத்தில் எத்தனை கொல்லைகளில் இதே தொட்டிகள் மண் மூடிக் கிடக்கின்றன! அந்தத் தொழில்நுட்பம் தோற்றுப்போய்விட்டது என்று சொல்கிறவர்களிடம் நான் கேட்பேன்: தீனி போடாத மாடு கறக்கவில்லை என்றால் மாட்டின் மேலா குற்றம்?

இப்போது உரைகல்லை எடுப்போம். ஒரு கிலோ ஈரச் சாணம் ஏறக்குறைய 40 லிட்டர் வாயு தரும். ஒரு கன மீட்டர் சாண வாயு எரிப்பதற்குச் சுமார் 430 கிராம் சமையல் கேஸுக்குச் சமம். மூன்றரைக் கிலோ விறகுக்குச் சமம். கடைகளுக்கும் சூளைகளுக்கும் வருகிற 19 கிலோ சிலிண்டர் ஒன்றுக்கு ஈடு கட்ட ஒரு டன்னுக்கு மேல் சாணம் வேண்டும். மாடு ஒன்றுக்குப் பத்துக் கிலோ என்றால், 110 மாடுகளின் ஒரு நாள் சாணம். ஒரே ஒரு சிலிண்டருக்கு! இந்தக் கணக்கைச் சொல்லாமல் "சாணத்தில் சூளை ஓட்டலாம்" என்று மேடையில் முழங்குகிறவர்கள் உங்களை ஏமாற்றுகிறார்கள். சாணம் மட்டும் போதாது. சர்க்கரை உள்ள கழிவு வேண்டும். அது இருக்கும் இடம் கரும்பு ஆலை.

கரும்பு ஆலை என்று சொன்னதும் நான் உங்களை நெல்லிக்குப்பத்துக்கு அழைத்துப்போக வேண்டியிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டிலிருந்து கரும்பு அரைத்துவரும் ஊர். பாரி கம்பெனியின் ஆலை. நம் மாவட்டத்து ஊர். அங்கே நடந்த ஒரு காரியத்தை உலகத்து ஆய்வாளர்கள் மேற்கோள் காட்டுகிறார்கள். நமக்கோ தெரியாது!

சென்னை தரமணியில் முருகப்ப செட்டியார் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த சி.வி. சேஷாத்ரி, ஏழை வீட்டுக்குப் போய்ச் சேராத விஞ்ஞானம் என்ன விஞ்ஞானம் என்ற எண்ணத்தோடு வளர்த்தெடுத்த இடம் அது. அந்த மையத்தைச் சேர்ந்த டி.எம். வத்சலாவும் அவருடைய குழுவினரும் வடிசாலைக் கழிவுநீரிலிருந்து ஹைட்ரஜன் எடுக்க முயன்றார்கள். சர்க்கரை ஆலையில் மிஞ்சும் மொலாசஸிலிருந்து சாராயம் வடித்த பிறகு வெளியே வருகிற அந்தப் பழுப்பு நீரைப் பார்த்திருப்பீர்கள். வாய்க்காலில் கலந்தால் மீன் மிதக்கும். அதைக் கொண்டு ஆய்வுக்கூடக் குடுவையில் ஹைட்ரஜன் எடுத்தவர்கள் உலகில் பலர். இவர்கள் குடுவையோடு நிற்கவில்லை. படிப்படியாகப் பெருக்கி, நெல்லிக்குப்பத்தில் 100 கன மீட்டர் அளவுக்கு, அதாவது ஒரு லட்சம் லிட்டர் கொள்ளும் கலனுக்குக் கொண்டுபோனார்கள். மூன்று வகைப் பாக்டீரியாக்களைச் சேர்த்து வேலைக்கு விட்டார்கள். அவற்றில் ஒன்று ரோடோசூடோமோனாஸ் பலுஸ்ட்ரிஸ். ஊதா நிறக் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் குளத்திலும் சேற்றிலும் வாழ்வது. 40 மணி நேரத்தில் 21.38 கிலோ ஹைட்ரஜன் கிடைத்தது. 2008-இல் கட்டுரையாக வெளிவந்தது.

கை தட்டுங்கள், தட்ட வேண்டிய காரியம். தட்டிய பிறகு மாற்றுப் பார்ப்போம்.

21 கிலோ ஹைட்ரஜன் எவ்வளவு வெப்பம் தரும்? கணக்குப் போட்டால் வீட்டுக்கு வருகிற சமையல் சிலிண்டர் நாலுக்குச் சற்றுக் குறைவு. ஒரு லட்சம் லிட்டர் கலன், 40 மணி நேரம், நாலு சிலிண்டர். குறைவுதான். ஏன் குறைந்தது? ஒரு மூலக்கூறு குளுக்கோஸில் கொள்கையளவில் 12 ஹைட்ரஜன் மூலக்கூறு இருக்கிறது. இவர்களுக்குக் கிடைத்தது சராசரி 2.76. கால் பங்குகூட இல்லை. இது அவர்களுடைய குறையன்று. இருட்டில் சர்க்கரையைப் புளிக்க வைக்கும் எந்தப் பாக்டீரியாவும் நாலுக்கு மேல் தர முடியாது என்பது இயற்கையின் கணக்கு.

அப்படியானால் மிச்சம் எங்கே போயிற்று? மாற்றுக் குறைந்தால் பொன் எங்கோ இருக்கிறது என்றுதானே பொருள்! அது கலனிலேயே இருக்கிறது. காடி, வெண்ணெய்ப் புளிப்பு போன்ற அமிலங்களாக அந்த நீரில் கரைந்து நிற்கிறது. எங்கள் தொட்டி புளித்ததே, அதே புளிப்பு. அங்கே அது எங்களுக்குத் தொல்லை. இங்கே அதுதான் அடுத்த படிக்கு மூலப்பொருள். அந்த அமிலத்தை மீத்தேன் கூட்டத்துக்குக் கொடுத்தால் இன்னும் எரிவாயு எடுக்கலாம். வேறு சில பாக்டீரியாக்களுக்குக் கொடுத்தால் நெகிழி எடுக்கலாம்.

பாக்டீரியா எப்படி நெகிழி தரும்? இங்கே வயதானவர்கள் இருக்கிறீர்கள். உங்களுக்குச் சட்டென்று புரியும். உங்கள் வீட்டில் குதிர் இருந்ததா? களிமண்ணை உறை உறையாக வனைந்து அடுக்கி, நெல்லைக் கொட்டி, மேலே மூடிச் சாணம் மெழுகிவிடுவார்கள். விளைந்த காலத்தில் நிரப்பி, விளையாத காலத்தில் அடியிலுள்ள துளைவழி எடுப்பார்கள். பாக்டீரியாவும் குதிர் வைத்திருக்கிறது. தின்னச் சர்க்கரையும் அமிலமும் நிறைய இருந்து, வளர்வதற்கு வேண்டிய தழைச்சத்து இல்லாமல் போனால், அது பெருகுவதை நிறுத்திவிட்டுச் சேமிக்கத் தொடங்கும். உடம்புக்குள் வெள்ளை வெள்ளையாக மணி கட்டும். அந்த மணிதான் பி.எச்.பி. என்ற பாலிஹைட்ராக்சிபியூட்டிரேட். பாஸ்டர் நிலையத்தில் லெமுவான் என்பவர் 1926-இல் கண்டறிந்து சொன்னார். குப்ரியவிடஸ் நெகேட்டர் என்ற பாக்டீரியாவில் உலர்ந்த எடையில் 80 சதவீதம் வரைக்கும் இந்த மணியே இருக்கும். உடம்பு முழுக்கக் குதிர்! நெல்லிக்குப்பத்துக் கலனில் வேலை செய்ததே ஊதாக் குடும்பம், அதற்கும் இந்தச் சேமிப்புப் பழக்கம் உண்டு.

அந்த மணியைப் பிரித்து எடுத்தால் உருக்கி வார்க்கலாம். ஏறக்குறைய 175 டிகிரியில் உருகும். மண்ணில் புதைத்தால், கடலில் விழுந்தால், மற்ற நுண்ணுயிர்கள் அதை உணவென்று அறிந்து தின்றுவிடும். குதிரில் இருப்பது நெல் என்று எலிக்குத் தெரியாதா? 1990-இல் ஜெர்மனியில் ஷாம்பு பாட்டிலாகக் கடைக்கே வந்தது இந்த வகைப் பொருள். பிறகு ஏன் நம் கைக்கு வரவில்லை? விலை. சாதாரண நெகிழியைவிடப் பல மடங்கு. ஒரு கிலோ பி.எச்.பி. எடுக்கச் சுமார் மூன்று கிலோ சர்க்கரையைத் தீனியாகப் போட வேண்டும். சர்க்கரையைக் கடை விலைக்கு வாங்கி இதைச் செய்கிறவன் தேறமாட்டான். தூக்கி எறிகிற சர்க்கரை வேண்டும்.

தூக்கி எறிகிற சர்க்கரை எங்கே இருக்கிறது? பங்குனி, சித்திரையில் பண்ருட்டிச் சாலையில் போய்ப் பாருங்கள். முந்திரிக்காட்டுக்குள் நுழைந்தால் மூக்கு சொல்லிவிடும். கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை மரத்தடியிலேயே விட்டுவிடுகிறார்கள். மஞ்சளும் சிவப்புமாகக் குவியல். காலையில் பளபளப்பு, சாயங்காலம் ஈ, மறுநாள் சாராய நெடி. கொட்டையைவிடப் பழம் ஐந்தாறு மடங்குக்கு மேல் எடை. சாற்றில் பத்தில் ஒரு பங்கு சர்க்கரை. ஒரு டன் பழத்தில் அறுபது கிலோ சர்க்கரை தேறும் என்று வைத்துக்கொண்டால், காகிதக் கணக்குப்படி இருபது கிலோ நெகிழி. இருபதைப் பதினைந்தாக வைத்துக்கொள்ளுங்கள், நடைமுறைச் சேதாரம் போக. ஆனாலும் எறிந்த பொருளிலிருந்து வந்த பதினைந்து!

நம்மூர் மண்டல ஆராய்ச்சி நிலையம் வி.ஆர்.ஐ. என்று பேர் தொடங்கும் நிலக்கடலை ரகங்களையும் முந்திரி ரகங்களையும் நாட்டுக்குக் கொடுத்தது. கொட்டைக்காக அவ்வளவு உழைத்த இந்த ஊர், பழத்துக்காகவும் உழைக்க வேண்டும் என்று நான் உரிமையோடு கேட்கிறேன்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். முந்திரிப்பழத்தோடு சேர்த்து ஓட்டையும் கலனில் தள்ளிவிடாதீர்கள். அந்த ஓட்டு எண்ணெய் கையில் பட்டால் தோல் வெந்துபோகிறதல்லவா? பாக்டீரியாவையும் அப்படியே கொல்லும். மாட்டுத் தீனியில் இந்த எண்ணெயைச் சிறிதளவு சேர்த்தால் வயிற்றில் மீத்தேன் குறைகிறது என்று ஜப்பானில் ஆய்வே செய்திருக்கிறார்கள். மீத்தேன் வேண்டும் என்று கலன் கட்டிவிட்டு, மீத்தேனைக் கொல்லும் மருந்தை நாமே ஊற்றலாமா? கடலைத் தோலும் அப்படித்தான், வேறு காரணத்தால். அது கட்டை மாதிரி. பாக்டீரியாவின் பல்லுக்கு ஏறாது. அதைக் கட்டியாக அழுத்தி நேராக அடுப்பில் எரிப்பதே நல்லது. எல்லாக் கழிவும் ஒரே கழிவு என்று நினைப்பதில்தான் பாதித் திட்டங்கள் படுத்துவிடுகின்றன.

வைக்கோலைப் பற்றி யாராவது கேட்பீர்கள். பஞ்சாபில் சங்ரூர் மாவட்டத்து லெஹ்ராகாகாவில் 2022-இல் ஒரு பெரிய ஆலை திறந்தார்கள். வைக்கோலைத் தின்று நாளொன்றுக்கு 33 டன் உயிரி எரிவாயு தரும் கொள்ளளவு. பஞ்சாபுக்கு அது சரி. அங்கே வைக்கோலை வயலிலேயே கொளுத்தி டெல்லி வரை புகை போகிறது. நம்மிடம் வைக்கோல் கழிவா? அறுவடை இயந்திரம் போன பின்னால் உருளைக் கட்டாகக் கட்டி லாரியில் ஏற்றிக் கறவை மாட்டுக்குப் போகிறது. மாட்டின் வாயிலிருந்து பிடுங்கிச் சூளைக்குக் கொடுக்கிற திட்டம் எனக்கு வேண்டாம். மண்ணுக்கு ஒரு பங்கு, மாட்டுக்கு ஒரு பங்கு, அதற்குப் பிறகு மிஞ்சுவதுதான் நமக்கு. கலனிலிருந்து வெளியேறும் கரைசலும் வயலுக்கே திரும்ப வேண்டும். வாயுவாகப் போவது கரியும் ஹைட்ரஜனும்; தழைச்சத்தும் மணிச்சத்தும் சாம்பல்சத்தும் கரைசலிலேயே நிற்கின்றன. அதை விற்றுவிட்டு உரமூட்டை வாங்குகிறவன் இரண்டு முறை நஷ்டப்படுகிறான்.

நமக்கு அருகிலேயே வழி காட்டும் ஊர் நாமக்கல். கோழிப்பண்ணை ஊர்; எச்சத்தை என்ன செய்வது என்று திணறிய ஊர். அங்கே புதுச்சத்திரத்தில் கோழி எச்சத்திலிருந்து எரிவாயு எடுக்கிறார்கள். 2018-இல் மத்திய அரசு சதத் என்ற திட்டத்தை அறிவித்த பின், அந்த வாயுவைச் சுத்தம் செய்து, அழுத்தி, வண்டிகளுக்குப் பெட்ரோல் பங்கிலேயே போட வழி பிறந்தது. கரும்பு ஆலையில் சாறு வடிகட்டியதும் மிஞ்சுகிற பிரஸ்மட் சேற்றிலும் இது முடியும். 25 டன் சேறு ஒரு டன் வாயு தரும் என்பது தொழிலில் இருப்பவர்கள் சொல்லும் கணக்கு. நம் சேத்தியாத்தோப்பில் கூட்டுறவு ஆலை இருக்கிறது. தூரமா அது?

சூளைக்காரர்கள் இப்போது குறுக்குக் கேள்வி கேட்பீர்கள், கேட்கத்தான் வேண்டும். இந்த வாயு சூளைக்குத் தாங்குமா?

ஒரு பழைய சூளையில் இரவு முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். வாயை அடைத்தாயிற்று. சுட்டுவிரல் அளவுக்கு ஒரு துளை மட்டும் விட்டிருந்தார்கள். பெரியவர் ஒருவர் அரைமணிக்கு ஒரு தடவை எழுந்து, துணியால் முகத்தை மறைத்துக்கொண்டு, அந்தத் துளையில் கண்ணை வைப்பார். முதலில் இருட்டு. பிறகு பன்றிக்குட்டித் தோல் மாதிரி ஒரு மங்கல் சிவப்பு. பிறகு பறங்கிப்பழ நிறம். நான் அவ்வளவுதான் என்று நினைத்தேன். "இன்னும் பழுக்கல தம்பி" என்றார். விடியப் போகும் நேரம் துளைக்குள் அடுக்கிய சாமானும் தெரியவில்லை, சுவரும் தெரியவில்லை. எல்லாம் ஒரே வெளிச்சம். அப்போதுதான் எழுந்து, "போதும், நிறுத்து" என்றார். கருவி கிடையாது. கண்தான்.

அந்தக் கண்ணுக்கு நான் பொய் சொல்ல முடியாது. ஆகவே உள்ளதைச் சொல்கிறேன். தொட்டியிலிருந்து வருகிற பச்சை வாயுவில் மீத்தேன் ஐம்பத்தைந்து, அறுபது சதவீதந்தான். மற்றது கரியமில வாயு. அது எரியாது, சுடரின் சூட்டைக் குறைக்கும். மண் அகலுக்கு 900 டிகிரி போதும் என்றால், காற்றையும் வாயுவையும் விடும் துளையை மாற்றியமைத்து இந்தப் பச்சை வாயுவிலேயே முயலலாம். இன்சுலேட்டர் போன்ற பீங்கானுக்கு 1,250 டிகிரிக்கு மேல் வேண்டும். அதற்குக் கரியமில வாயுவை நீக்கிச் சுத்தம் செய்தாக வேண்டும், அல்லது சூளைப் புகையின் சூட்டைக் கொண்டே உள்ளே போகும் காற்றைக் காய்ச்சி அனுப்ப வேண்டும். இன்னொன்று: இந்த வாயுவில் அழுகிய முட்டை நாற்றத்தோடு கொஞ்சம் கந்தக வாயு கலந்து வரும். அது பர்னரை அரிக்கும், கிளேஸைக் கெடுக்கும். இரும்புத் துருவல் நிரப்பிய ஒரு குழாய் வழியே விட்டால் கந்தகத்தை இரும்பு பிடித்துக்கொள்ளும். இதற்கெல்லாம் வெளிநாட்டு நிபுணர் வேண்டாம். பீங்கான் படிக்கும் மாணவர்கள் இங்கே இருக்கிறீர்களே, உங்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி எங்கே கிடைக்கும்?

நெகிழியைப் பற்றி ஒரு வார்த்தை மிச்சமிருக்கிறது. அதை இந்த ஊரில்தான் சொல்ல வேண்டும். டீக்கடையிலிருந்து பீங்கான் குவளையை விரட்டியது நெகிழிக் குவளை. மின்பெட்டியிலிருந்து பீங்கானை விரட்டியதும் பெரும்பாலும் நெகிழிதான். 2019 சனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிக்குத் தடை. அதன்பின் "மக்கும்" என்று அச்சடித்த குவளைகள் வரத் தொடங்கின. அவற்றில் பல பி.எல்.ஏ. என்ற வகை. சர்க்கரையைத் தயிர்ப் புளிப்பாக்கும் பாக்டீரியாவைக் கொண்டு செய்வது. உத்தரப்பிரதேசத்தில் கும்பி என்ற ஊரில் ஆண்டுக்கு 80,000 டன் செய்யும் ஆலைக்கு 2025-இல் அடிக்கல் போட்டிருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அந்தக் குவளை மக்க 60 டிகிரி சூட்டில் நடத்தும் உரக்கூடம் வேண்டும். மணிமுத்தாற்றில் எறிந்தால் வெகுகாலம் அப்படியே கிடக்கும். பாக்டீரியா செய்த நெகிழி எல்லாமே பாக்டீரியா தின்கிற நெகிழி என்று நம்பிவிடாதீர்கள். எது எங்கே மக்கும் என்று கேட்டு வாங்குங்கள்.

டீக் குவளைக்கு எனக்குத் தெரிந்த சரியான பொருள் இன்னும் நீங்கள் செய்கிற பீங்கான்தான். கழுவிக் கழுவி ஆயிரம் தடவை குடிக்கலாம். பாக்டீரியா நெகிழியைப் பீங்கான் நுழைய முடியாத இடத்துக்கு அனுப்புவோம்: நாற்றங்கால் பை, வயலில் விரிக்கும் மூடாக்குத் தாள், முந்திரிக்கன்று வளர்க்கும் உறை. கிழித்துப் பொறுக்க வேண்டாம். கன்றோடு குழியில் வைத்துவிடலாம். முந்திரிப்பழத்திலிருந்து வந்த உறை முந்திரிக்கன்றின் வேரடியிலேயே கரையும்.

கீழடியில் தோண்டினால் இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட பானை ஓடு வருகிறது. அதில் பேரெழுதியவனை நாம் கொண்டாடுகிறோம். நிலைக்க வேண்டியதைச் சுடுவதில் நீங்கள் கெட்டிக்காரர்கள். நிலைக்கக் கூடாததைச் செய்யவும் இந்த ஊர் கற்றுக்கொள்ளட்டும்.

எங்கே தொடங்குவது? பெரிய ஆலை வேண்டும், கோடிகள் வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். ஒரு சூளை. அதன் பக்கத்தில் ஒரு கலன். வருடம் முழுக்கச் சாணமும் பிரஸ்மட்டும்; கோடையில் பிழிந்த முந்திரிப்பழச் சக்கை, சிறிது சிறிதாக, எங்கள் வீட்டுக் கல்யாணம் மாதிரி ஒரே நாளில் அல்ல. சக்கை கொண்டுவரும் வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்று பாருங்கள். டீசல் செலவு வாயுவின் விலையைத் தின்றுவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். தினமும் தீனி போட, அளக்க, எழுதி வைக்க மாதச் சம்பளத்தில் ஓர் ஆள். கலன் கட்டப் பணம் தருகிறவர்கள் இந்த ஆளுக்குப் பணம் தருவதில்லை. நான் பார்த்தவரையில் இந்தத் தொட்டிகள் பெரும்பாலும் செத்தது இந்த ஒரு சம்பளம் இல்லாமல்தான்.

ஆகவே இன்றைக்கு உங்களிடம் நான் கேட்பது நன்கொடை அல்ல, ஒரு துண்டுக் காகிதம். சூளை வைத்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் முன்வரிசைக்கு வாருங்கள். உங்கள் சூளையில் ஒரு சுமை வேக எத்தனை மணி நேரம், எத்தனை கிலோ கேஸ் அல்லது எத்தனை லிட்டர் எண்ணெய், எத்தனை உருப்படி, அதில் எத்தனை உடைசல் என்று எழுதிக் கொடுங்கள். முந்திரி வைத்திருப்பவர்கள் போன கோடையில் எத்தனை மூட்டை கொட்டை எடுத்தீர்கள் என்று எழுதுங்கள். பழத்தின் கணக்கை அதிலிருந்து நான் போட்டுக்கொள்கிறேன். மாணவர்கள் இரண்டு பேர் நோட்டும் பேனாவுமாக மேசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதுதான் நம் மச்சம். அதை வெட்டி வைத்துக்கொண்டு பிறகு ஆற்றில் இறங்குவோம்.